மூடி போட்ட குளம்



பள்ளியில் அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு சோதனை நினைவிருக்கும். பீக்கரில் தண்ணீர், தண்ணீருக்குள் வேலம்பாசி. பாடப்புத்தகம் அதை ஹைட்ரில்லா என்று சொல்லும். பாசிமேல் ஒரு புனலைக் கவிழ்த்து, புனல் காம்பின்மேல் தண்ணீர் நிரப்பிய சோதனைக்குழாயைத் தலைகீழாக மாட்டி, வெயிலில் வைப்பார்கள். சற்று நேரத்தில் குமிழ் குமிழாக மேலே ஏறும். எரிகிற தீக்குச்சியை ஊதி அணைத்து, கங்கு இருக்கும்போதே குழாய்க்குள் நீட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆக்ஸிஜன் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, பீக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

கழுவாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே பாசியோடு கொஞ்சம் குளத்துச் சேறு, ஒரு நத்தை, நாலு தண்ணீர்ப் பூச்சி சேர்த்து, பாட்டிலை இறுக மூடிவிட்டால்? உள்ளே இருப்பவை எத்தனை நாள் பிழைக்கும்? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

பழைய கேள்விதான். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களை விட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ப்புல்லையும் நட்டார். செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு, மீன் விடும் கரியமில வாயு செடிக்கு என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிவிட்டது, கண்ணாடியெல்லாம் பச்சை படிந்துவிட்டது. பிறகு குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து போட்டார். அவை அழுகலையும் தின்றன, படிந்த பாசியையும் வழித்துத் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்குத் தீனியாயின. 1850இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் இதை அவர் அறிவித்தார். பிறகு இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு மீன்தொட்டி வைக்கும் மோகம் கிளம்பியதில் அந்த நத்தைகளுக்கும் பங்கு உண்டு.

வாரிங்டனுடையது காற்றுப் புகாமல் அடைத்த பாத்திரம் அல்ல. அடைத்த பாட்டிலில் மீன் கூடவே கூடாது. 30 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாகச் சூடாக அந்த ஏழரையும் குறையும். ராத்திரியில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். குளத்து மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளப்பதை மீன் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள், அதற்குக் காரணம் இதுதான். திறந்த குளத்துக்கே அந்தக் கதி. மூடிய பாட்டிலில் ஒரு கெண்டைக் குஞ்சை விடுவது வேடிக்கை பார்ப்பதற்காக ஓர் உயிரைத் திணறடிப்பது. தலைப்பிரட்டைக்கும் இதே பேச்சுதான். ஆக்ஸிஜன் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: பாட்டிலை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. கால்வாசியாவது காற்றுக்கு விட வேண்டும். உள்ளே இருப்பவற்றுக்குக் கையிருப்பே அந்தக் காற்றுதான்.

சரி, குளத்துக்குப் போவோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, பாசி செழித்து நிற்கும் தை மாதம் இதற்கு நல்ல காலம். ஏரி, கண்மாய், வாய்க்கால், வயல் ஓரத்துப் பள்ளம் எதுவானாலும் சரி. சாக்கடை கலந்த தண்ணீரும், பூச்சிமருந்து அடித்த வயல் தண்ணீரும் உதவாது. ஊருணியில் இறங்கிக் கலக்காதீர்கள், ஊரார் குடிக்கிற தண்ணீர் அது. வேடந்தாங்கல் போன்ற சரணாலயத்துக்குள் ஒரு கைப்பிடி பாசிகூட எடுக்கக் கூடாது. கையில் காயம் இருந்தால் தண்ணீரில் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். முகத்தில் அள்ளி அடித்துக்கொள்ளவும் வேண்டாம். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வேண்டிய சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். குச்சியில் கட்டிய டீ வடிகட்டி, இரண்டு பாட்டில், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைலென்ஸ். நடுக்குளம் வரை போக வேண்டியதில்லை. உயிர்கள் கூட்டமாக இருப்பது கரையோரப் பாசிக்குள்தான். ஒரு கொத்துப் பாசியைப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் முக்கி நாலு உதறு உதறுங்கள். பாசியில் ஒளிந்திருந்ததெல்லாம் வாளியில் விழும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் ஊற்றி, கலங்கல் அடங்கும்வரை காத்திருங்கள்.

முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு தட்டே அசையும். வெட்டி வெட்டி நகரும் வெள்ளைப் புள்ளி சைக்ளாப்ஸ். லென்ஸில் பார்த்தால் நெற்றியில் ஒற்றைக் கண். பெண்ணாக இருந்தால் வாலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு முட்டைப் பை தொங்கும். இந்தச் சாதுப் பூச்சிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. நரம்புச் சிலந்தி என்ற நோயைப் பாட்டி தாத்தாக்கள் அறிவார்கள். காலில் கொப்புளம் வெடித்து, நூல் போன்ற புழு முழக்கணக்கில் வெளியே வரும். அந்தப் புழுவின் குஞ்சைச் சுமந்து, குடிதண்ணீரோடு மனிதன் வயிற்றுக்குள் போனது சைக்ளாப்ஸ்தான். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லியும் கிணறுகளைச் சீர்செய்தும் அந்த நோயை ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்த நோய் அற்ற நாடாக அறிவித்தது. ஆகவே இப்போது சைக்ளாப்ஸைப் பயமில்லாமல் பார்க்கலாம்.

துள்ளித் துள்ளி நீந்துவது டாஃப்னியா அல்லது அதன் உறவான மொய்னா. வண்ணமீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் அதே மொய்னாதான். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் முதுகுப் பக்கத்தில் இதயம் படபடவென்று அடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். அதற்குப் பின்னால் முட்டைகள் அடுக்கியிருக்கும். எள்ளளவில் பழுப்பாக, இரட்டை ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டு தட்டின் அடியில் உருளுவது ஆஸ்ட்ரகாட். நெல்வயல் தண்ணீரில் இது ஏராளம். குளம் வற்றினாலும் இதன் முட்டை காய்ந்த மண்ணில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். பாட்டிலில் கடைசி வரை நிற்கப் போகிறவர்களில் இதுவும் ஒன்று.

எடுக்கக் கூடாதவற்றையும் இந்தத் தட்டிலேயே பிரித்துவிட வேண்டும். தட்டானின் இளம்பருவப் பூச்சி தண்ணீருக்குள்தான் வளர்கிறது. மடித்து வைத்த கீழ்த்தாடையைச் சட்டென்று நீட்டி இரையைக் கவ்வும். ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் மற்றதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியில் சாகும். நீர்த்தேளும் நீர்வண்டும் அப்படியே. கொசுப்புழு வளர்ந்து கொசுவாகி மூடிக்குக் கீழே செத்து மிதக்கும். இவற்றையெல்லாம் அதே குளத்தில் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சேறு. கைவசம் இவ்வளவு சேறு இருக்கிறதே என்று அள்ளிப் போடத்தான் கை போகும். ஆனால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஒரு கரண்டி போதும், மீதியைக் கழுவிய மணலால் நிரப்புங்கள். மேல்மட்டத்துப் பழுப்புச் சேறாக இருக்கட்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேறு வேண்டாம். மூடிய பாட்டிலை ஆள்வது நாம் லென்ஸில் பார்த்து வியந்த பூச்சிகள் அல்ல, சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள்தான். மக்கியதையெல்லாம் தின்று உப்பாக மாற்றிச் செடிக்குத் திருப்பித் தருவதும் அவைதான். தின்னும்போது ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்வதும் அவைதான். தீனி அதிகமானால் கூட்டம் பெருகும், ஒரே ராத்திரியில் கையிருப்பைக் காலி செய்துவிடும்.

இது பாட்டிலுக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஆரக்கிள் என்ற ஊருக்கு அருகே, மூன்று ஏக்கருக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டு ஒரு சிறிய பூமியையே கட்டினார்கள். பெயர் பயோஸ்பியர் 2. உள்ளே மழைக்காடு, சதுப்பு நிலம், சின்னக் கடல், வயல் எல்லாம் உண்டு. 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளே போனார்கள். ஆக்ஸிஜன் மெல்ல மெல்ல இறங்கியது. வெளிக்காற்றில் 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் ஆக்ஸிஜன், உள்ளே பதினான்கரைக்கு வந்துவிட்டது. மலை உச்சியில் இருப்பதைப்போல அவர்களுக்கு மூச்சு வாங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்ஸிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. எட்டுப் பேர் சுவாசித்தா இவ்வளவு குறைந்தது? இல்லை. பயிர் நன்றாக வரட்டும் என்று மண்ணில் மக்குச் சத்தை ஏராளமாகச் சேர்த்திருந்தார்கள், நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்ஸிஜனைச் செலவழித்தன. அப்படியானால் கரியமில வாயு அதே அளவு ஏறியிருக்க வேண்டுமே, ஏறவில்லை. அந்தப் புதிருக்கு விடை சுவரில் இருந்தது. பூசாமல் விட்ட கான்கிரீட் கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. செடிகள் திருப்பித் தர வேண்டிய ஆக்ஸிஜன் அந்தச் சுவரிலேயே மாட்டிக்கொண்டது. மூன்று ஏக்கரிலும் பிரச்சினை சேறுதான்.

ஆகவே நம் பாட்டிலில் ஒரு கரண்டிச் சேறு, மணல், குளத்துத் தண்ணீர், மூன்று நான்கு தண்டு வேலம்பாசி, சிறு நத்தை ஒன்று அல்லது இரண்டு, வடிகட்டியில் மாட்டிய பூச்சிகளில் கொஞ்சம். அவ்வளவுதான். நத்தைக்கு ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், ஒரு துண்டு முட்டையோட்டைப் போட்டுவிடுங்கள். கலங்கல் அடங்கும்வரை வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி வையுங்கள். திறந்து கிடக்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். பிறகு மூடியைத் திருகிவிடலாம். வெளிச்சம் நன்றாக வரும், ஆனால் வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரமே சரியான இடம். நேர்வெயிலில் வைத்த பாட்டில் உள்ளே இருப்பதையெல்லாம் வேகவைத்துவிடும்.

மூடிய பிறகு எல்லாம் அமைதியாகச் சமன்பட்டு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் தண்ணீர் பச்சையாகும். பச்சையைத் தின்ன மொய்னா பெருகும். தின்று தீர்ந்ததும் மொய்னா சரியும், சிலசமயம் அடியோடு மறைந்துபோகும். சைக்ளாப்ஸும் ஆஸ்ட்ரகாடும் கூடிக் குறைந்து நிற்கும். கண்ணாடியில் படிந்த பாசியில் நத்தை மேய்ந்த தடம் விழும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், வளைந்து வளைந்து போகும் கோட்டில் அரம்போன்ற அதன் நாக்கு ராவிய கீறல்கள் வரிசையாகத் தெரியும். ஒற்றை நத்தைதானே போட்டோம் என்று இருப்பீர்கள், திடீரென்று குஞ்சுகள் ஊரும். குளத்துச் சிறு நத்தைகளில் பல, துணை இல்லாமலும் முட்டையிடக்கூடியவை. அடிமண்ணில், கண்ணாடியை ஒட்டி, பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் வரலாம். அவை வெளிச்சத்தில் வாழும் கந்தக பாக்டீரியாக்கள். ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களில் குளத்துச் சேற்றைக் கண்ணாடிக் குழலில் அடைத்து ஆராய்ந்தது இந்தக் கூட்டத்தைத்தான்.

எத்தனை நாள் பிழைக்கும் என்று முதலில் கேட்டேன். பூச்சிகளையும் நத்தையையும் வைத்துச் சொல்வதானால் சில வாரங்களாகவும் இருக்கலாம், ஆண்டுகளாகவும் இருக்கலாம். ஹவாய் பல்கலைக்கழகத்தில் கிளேர் ஃபால்சோம் என்ற நுண்ணுயிரியலாளர் 1960களின் பிற்பகுதியில் கடல்நீர், மணல், பாசி, நுண்ணுயிர்களை மட்டும் குடுவையில் அடைத்து வைத்தார். அவற்றில் சில பல பத்தாண்டுகள் பச்சையாகவே இருந்தன. அந்த ஆராய்ச்சியின் வழியில், ஹவாய்ச் சிவப்பு இறாலைக் கண்ணாடி உருண்டையில் அடைத்து மேசை அலங்காரமாக விற்கவும் ஆரம்பித்தார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. இனம் பெருகக்கூட இடமில்லாத உருண்டையில் அந்த இறால் கிடப்பதை ரசிக்க முடியவில்லை. தானே பெருகித் தானே அடங்கும் ஆஸ்ட்ரகாட் எவ்வளவோ மேல்.

தண்ணீர் பால்போல வெளுத்து, நத்தைகள் எல்லாம் மேலே ஏறி மூடியில் ஒட்டிக்கொண்டால், உள்ளே மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். பிடிவாதம் பிடிக்காமல் திறந்துவிடுங்கள். பாட்டிலில் இருப்பதை வேறொரு குளத்தில் கொட்டாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரைதான் இன்று நம் ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நத்தையையும் பாசியையும் எடுத்த குளத்திலேயே விட்டுவிட்டு, தண்ணீரையும் சேற்றையும் செம்பருத்தி வேரில் ஊற்றிவிடலாம். பாட்டிலைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் அடுத்த தைக்கு உதவும்.