பங்களாவும் லயமும்
(கண்ணமங்கலம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டு நெய்கிற ஊரில் நின்றுகொண்டு இலங்கைத் தீவின் காப்பியைப் பற்றி இவன் ஏன் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

அந்தத் தீவின் மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பங்களாக்கள் சில இன்று ஓட்டல்களாகிவிட்டன. கண்டபொலையில் ஒரு பழைய தேயிலை ஆலையே ஓட்டலாக நிற்கிறது. தேயிலையைக் காட்டிப் பணம் சேர்ப்பதுபோல, காப்பியையும் காட்டலாம் என்கிறார்கள். பழம் பறிப்பதைப் பாருங்கள், கொட்டை வறுப்பதைப் பாருங்கள், ஒரு கோப்பை குடியுங்கள் என்று வெளிநாட்டாரை அழைக்கலாமாம்.

அழைக்கட்டும். ஊர் பார்க்க வருகிறவன் நமக்கு விரோதியல்ல. நம் கேள்வி ஒன்றுதான்: அவன் கொடுக்கிற பணம் யார் மடியில் விழுகிறது?

அந்த மலையில் காடு வெட்டிக் காப்பி நட்டவர்கள் யார்? நம் தமிழ் ஜில்லாக்களின் பஞ்சை பராரிகள். தோணியேறி மன்னாரில் இறங்கி, சுமார் 150 மைல் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழிநெடுக மாண்டார்கள். போய்ச் சேர்ந்தவர்களைக் கங்காணியின் கடன் கட்டிப்போட்டது. 1870களின் இறுதியில் காப்பி 2,50,000 ஏக்கருக்கு மேல் பரந்தது.

1869ல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்தது. 1884ல் ஓரியண்டல் வங்கியே கவிழ்ந்தது. முதலுள்ளவன், 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டுக் காட்டிய தேயிலைக்குத் தாவினான். கூலிக்காரன் எதற்குத் தாவுவான்? வேலையிழந்து ஊர் திரும்பினான், அல்லது தேயிலைக் கூடையைத் தூக்கினான்.

1948ல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தன. மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. 1,000 ரூபாய் நாட்கூலி பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2021ல்தான் வந்தது. இன்றும் எத்தனையோ குடும்பங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் வாழ்கின்றன. அடுத்த மேட்டில் பங்களா; அங்கே விருந்தாளிக்கு வெந்நீர்த் தொட்டி!

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019ல் குண்டு வெடித்தது, 2020ல் கொள்ளைநோய் வந்தது, 2022ல் நாடே கடனில் மூழ்கியது. சுற்றுலாப் பயணிகள் வரவு விழுந்தது. அன்று காப்பிக்கு வந்த இலைத்துரு போலத்தான் இது. ஒரே பிழைப்பை நம்பச் செய்துவிட்டு, அது சாயும்போது உழைப்பாளியை நடுத்தெருவில் நிறுத்துவது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம்.

ஆகவே காப்பிச் சுற்றுலா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. லயத்துக்குப் பதில் சொந்த நிலமும் வீடும் முதலில் கொடு என்கிறோம். சமையற்காரர், வழிகாட்டி, கணக்கர் என்று எந்த வேலையானாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் பெயரெழுதி, நிரந்தரச் சம்பளத்தோடு கொடு என்கிறோம். காப்பியை அவர்களே தங்கள் நிலத்தில் பயிரிட்டு, கூட்டுறவாக வறுத்து விற்கட்டும் என்கிறோம். பயணிக்குக் கதை சொல்வதானால் துரையின் கதையோடு நிறுத்தாதே. 2023ல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்களே, தங்கள் முன்னோர் மாண்ட அந்தப் பாதையின் கதையையும் சொல்!

தோழர்களே! நாளை நம் ஆரணி வட்டாரத்திலும் தறி பார்க்கக் கார்கள் வரலாம். குழித்தறியில் கால் மிதிக்கிறவரைப் படம் பிடிப்பார்கள். சேலையின் ஜரிகையைத் தடவிப் பார்த்து வியப்பார்கள். நெய்தவரின் கூலிக் கணக்கை யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள். அதைப் புரட்டிக் காட்டவேண்டியது நாம், நம் சங்கம்.

நம்மைப் பார்க்க வருகிறவர்கள் வரட்டும். நாம் காட்சிப் பொருளாக நிற்கவேண்டாம். பங்கு கேட்கிறவர்களாக நிற்போம்!