சைக்கிள் ஒன்பதாம் வகுப்பிலேயே வரட்டும்



2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி 96.70 சதவீதம், மாணவர்களுக்கு 93.16. "பொண்ணுங்கதான் முந்திட்டாங்களே, இன்னும் என்ன பாகுபாடு?" என்று கேட்கிறார்கள். அது பரீட்சை எழுத வந்தவர்களின் கணக்கு. நடுவிலேயே நின்றுபோனவளுக்கு அதில் இடம் ஏது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு நிறையும் முன்பே கல்யாணம் முடிந்திருக்கிறது. எட்டுப் பேரில் ஒருத்தி!

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1989-இல் அவர் பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். எட்டாவது படித்திருந்தால் 5,000 ரூபாய். அந்த நிபந்தனை பல பெண்களை எட்டாவது வரை பள்ளியில் வைத்திருந்தது, மறுக்க வேண்டாம். 2011-இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கம், 2016-இல் எட்டு கிராம். ஆனாலும் படித்ததற்கான பரிசு மணவறையில்தான் கிடைத்தது! 2022 செப்டம்பரில்தான் அது புதுமைப் பெண் திட்டமானது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய்.

நல்ல மாற்றம். ஆனால் எப்போது கிடைக்கிறது? பிளஸ் டூ முடித்த பிறகு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு கைவிடுகிறது. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது.

ஒன்பதும் பத்தும் யார் பொறுப்பு?

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போனால், வீட்டிலிருக்கும் கைக்குழந்தையைப் பார்க்க யாரை நிறுத்துகிறார்கள்? அண்ணனையா, தங்கச்சியையா? வயசுக்கு வந்தவளை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தனியே ஆவடி வரை அனுப்பலாமா என்ற பேச்சும் அந்த வயதில்தான் எழுகிறது. ஒரு நாள் லீவு ஒரு வாரமாகும். ஒரு வாரம் மாப்பிள்ளை பார்ப்பதில் போய் முடியும்.

ஆகவே கோரிக்கை மூன்று. சைக்கிளை ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுங்கள். மாத உதவித்தொகையும் அங்கிருந்தே தொடங்கட்டும். ஒரு மாணவி தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குப் போய் விசாரிக்கட்டும். கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் சொல்லட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உறுப்பினர்களான தாய்மார்களே, அடுத்த கூட்டத்தில் வராத பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்!