கணக்குப்பிள்ளை போன பிறகு: வருவாய்த் துறையும் மதுரைக் கண்மாய்களும்



யாருடைய நினைவில் இந்தப் பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர் தம் வேலைக்காலம் முழுவதையும் வருவாய்த் துறையில் கழித்தவர். ஆகவே அந்தத் துறையைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்ததும் துறையின் பெயரே இடறியது. அரசுக்கு இன்று பெரும்பணம் கொண்டுவருவது வணிகவரியும் பத்திரப்பதிவும் ஆயத்தீர்வையும். அவை வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. வருவாய்த் துறை வாங்கும் நிலத்தீர்வை, ரசீதுத் தாளின் விலைக்காவது ஆகுமா என்று கேட்கும் நிலையில்தான் பல பட்டாக்களுக்கு இருக்கிறது. ஆனாலும் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று என்று எதற்கும் தாலுகா ஆபீஸ் படி ஏறாமல் மதுரையில் ஒருவர் வாழ்ந்து முடிக்க முடியாது. வசூலிக்கப் பிறந்த துறை எழுதிவைக்கும் துறையாகிவிட்டது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மேலே இருப்பவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கோட்டையில் செயலர். சேப்பாக்கத்தில் வருவாய் நிர்வாகம், நில நிர்வாகம், நிலச் சீர்திருத்தம், நில அளவை என்று தனித்தனித் துறைத்தலைவர்கள். மாவட்டத்தில் ஆட்சியர், அவருக்குக் கீழே மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர், வட்டாட்சியர். குறுவட்டத்துக்கு வருவாய் ஆய்வாளர். நம் ஊர்க்காரர்கள் 'ஆர்ஐ' என்பார்கள், குறுவட்டத்தையும் 'ஃபிர்கா' என்றுதான் சொல்வார்கள். கடைசியாகக் கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும். இந்த ஏணியில் கோப்பு மேலே போகப் போகக் கனமாகும். ஆனால் அதற்குள் இருக்கும் உண்மை, கடைசிப் படியில் நிற்கும் இருவர் வயலில் கண்டு எழுதியதுதான்.

கலெக்டர் என்ற சொல்லுக்கே வசூலிப்பவர் என்றுதான் பொருள். ஆனால் மதுரைக்கு அவர்கள் வெறும் வசூல்காரர்களாக இருக்கவில்லை. 1830, 40-களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், பழைய கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளிவீதிகள் அப்படி வந்தவை. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு ஊரார் நட்டுவைத்தது விளக்குத்தூண். அதன் அருகில் புடவை எடுக்கும் நம்மில் எத்தனை பேர் அதை ஒரு கலெக்டரின் நினைவாகப் பார்க்கிறோம்?

துறையின் கதையில் எனக்கு முக்கியமான ஆண்டு 1980. நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. கர்ணம் என்ற கணக்குப்பிள்ளை, முன்சீப் என்று ஏறத்தாழ 23,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அதே 1980-இன் இறுதியில், 1786 முதல் சென்னையில் இருந்துவந்த வருவாய் வாரியமும் கலைக்கப்பட்டது. ஏணியின் உச்சிப்படியும் அடிப்படியும் ஒரே பருவத்தில் மாறின.

கணக்குப்பிள்ளை போனது நல்லதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. அப்பாவுக்குப் பின் மகன் என்று சில குடும்பங்களின் திண்ணையில் கிடந்தது ஊரின் நிலக்கணக்கு. அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்களின் பேரன் பேத்திகள் இன்று தேர்வு எழுதி அதே கணக்கை எழுதுகிறார்கள். ஆனால் கணக்குப்பிள்ளையோடு ஒன்று போயிற்று. எந்த மடை யாருக்கு, எந்த ஓடை எந்த ஆண்டு உடைத்துக்கொண்டு போனது என்ற நினைவு அவர் தலைக்குள் இருந்தது. அதை வைத்து அவர் மிரட்டவும் செய்தார், வழக்கைத் தீர்க்கவும் செய்தார். இப்போது வரும் அலுவலர் மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர். அவருக்குப் பதிவேடு ஒன்றுதான் நினைவு.

அந்தப் பதிவேடு எப்படித் திருத்தி எழுதப்பட்டது என்பதும் ஒரு கதை. 1979-இல் தொடங்கி எண்பதுகளில் 'யுடிஆர்' என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. ஓர் ஏர் என்பது இரண்டரை சென்டுக்குச் சற்றுக் குறைவு. இன்றும் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் மனக்கணக்குப் போடுவதைப் பார்க்கலாம். பெயர்த்து எழுதியபோது எங்கள் வீட்டுக்கும் ஒன்று நேர்ந்தது. என் அம்மா பேரில் இருந்த 37 சென்ட் புன்செய், பக்கத்துப் பட்டாவில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்துக்காரர் நல்லவர், அவருக்கே தெரியாது. அதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை மனு போனது. எந்த வட்டம் என்று சொல்ல வேண்டாம். திருத்தம் வந்தபோது அம்மா இல்லை. வாரிசுச் சான்றுக்கு மறுபடி அதே படி ஏறினேன்.

தனியார் நிலம் தப்பாக எழுதப்பட்டால் கேட்க ஆள் உண்டு. கண்மாய்க்கு யார் வருவார்? அதன் தண்ணீரும் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு; பாசனப் பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆனால் அது நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேடு வருவாய்த் துறையிடம். அந்தக் கட்டத்தில் வகைப்பாடு ஒருமுறை மாறினால், நாளைக்குக் கரையைக் காக்கப் போராடுகிறவன் கையில் காகிதம் இல்லை. ஆக்கிரமித்தவருக்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி 'பி மெமோ' என்ற ஆக்கிரமிப்புக் குறிப்பாணை கொடுக்கிறார்கள். மெமோவையே சான்றாக வைத்துப் பட்டா கேட்டுப் போனவர்களும் உண்டு, அதுவும் நம் திறமை.

பீபிகுளம், சொக்கிகுளம், தல்லாகுளம்: மதுரை வடகரையில் பஸ் நிறுத்தப் பெயர்களாகவே எத்தனை குளங்கள்! 2004 ஜூலை 24-இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை நிற்பதும் உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில். நீர்நிலைகளைக் காக்கக் கோரும் வழக்குகளை நாம் அங்கேதான் தாக்கல் செய்கிறோம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, சேதக் கணக்கு எடுக்க வந்தவர்களும் வருவாய்த் துறைக்காரர்களே. துறையின் பெயரில் இப்போது பேரிடர் மேலாண்மையும் சேர்ந்திருக்கிறது. கண்மாய்க் கணக்கும் வெள்ளக் கணக்கும் ஒரே பையில் இருக்கின்றன என்பதைத் துறையே எப்போதாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்க்க ஓர் இடம் உண்டு: ஜமாபந்தி என்ற ஆண்டுத் தணிக்கை. வருவாய்த் துறைக்கு ஆண்டு என்பது பசலி. ஃபஸ்ல், அதாவது விளைச்சல், என்பதிலிருந்து வந்த சொல். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் தாலுகா ஆபீசில் பந்தல் போட்டு, ஃபிர்கா ஃபிர்காவாகக் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறார்கள். சர்வேயரின் சங்கிலியைக்கூடச் சரிபார்ப்பார்கள். சங்கிலி இழுபட்டு நீண்டிருந்தால் ஊர் சுருங்கிவிடும் அல்லவா? மக்கள் அங்கே முதியோர் ஓய்வூதியத்துக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுவோடு போகிறார்கள். ஊரின் பயிர்க்கணக்கான அடங்கலைப் பார்க்க வேண்டும் என்று எவரும் போவதாகத் தெரியவில்லை.

இந்தப் பொழிவை நடத்தும் அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். மேலூர், வாடிப்பட்டி வட்டங்களில் ஒரு பத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் ஊரின் மந்தைச் சுவரிலும் அந்த ஊர்க் கண்மாயின் புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் பெயிண்டில் எழுதிவையுங்கள். பரப்பை ஏரிலும் சென்டிலும் எழுதுங்கள். ஆண்டுதோறும் ஜமாபந்திக்கு முன்பு பள்ளிப் பிள்ளைகள் இருவர் 'அ' பதிவேட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்தில் பசலி எண்ணை எழுதட்டும். பெயிண்ட் செலவில் பாதி என்னுடையது.