டிராக்டர் ஆயிலை மாற்றுவது எப்போது?

(வெள்ளிமலையில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



கார் வைத்திருப்பவர் கிலோமீட்டரைப் பார்த்து எஞ்சின் ஆயிலை மாற்றுகிறார். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்பது கணக்கு. டிராக்டருக்கு இது பொருந்தாது. மரவள்ளிக் கொல்லையில் உழும்போது வண்டி ஊர்ந்துதான் செல்கிறது. எஞ்சினோ முழுப் பளுவையும் இழுக்கிறது. ஆகவே ஓடிய மணியையே கணக்கில் கொள்ள வேண்டும். பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். நாளொன்றுக்கு 5 மணி ஓடினால் 50 நாளில் தவணை வந்துவிடும். மணி காட்டும் மீட்டர் பழுதானால், ஓடிய நேரத்தை அன்றன்றே நோட்டில் எழுதி வாருங்கள்.

ஆயிலை மாற்றிவிட்டுப் பழைய பில்டரையே விட்டுவைப்பது சிக்கனமன்று. பில்டர் அடைத்துக்கொண்டால், எஞ்சினுக்கு ஆயில் நின்றுவிடாதபடி பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் தூசியோடும் இரும்புத் துகளோடும் பேரிங்குகளுக்குப் போகும். வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும், உள்ளே தேய்வது வெளியே தெரியாது. பில்டரில் மிச்சம் பிடித்த பணம் எஞ்சினைப் பிரிக்கும்போது பல மடங்காகப் போய்விடும்.

டீசல் எஞ்சினில் ஆயில் விரைவில் கறுப்பது இயல்பே. கரியைத் தன்னுள் தாங்கி நிற்பது அதன் வேலை. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள். புதுப் பில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையாலேயே முறுக்குங்கள். மாற்றிய தேதியையும் மணியையும் குறித்து வையுங்கள்.

வடித்த ஆயிலை ஓடையோரம் கொட்டாதீர்கள். இம்மலை ஓடைநீர்தான் கோமுகி அணையில் சேர்ந்து கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்கிறது.