பம்பிகளும் வெப்ப எல்லையும்

எண்ணெய் ஆவி தீப்பற்றுவதற்குத் தீக்குச்சியோ மின்பொறியோ வேண்டும் என்பது பலருடைய எண்ணம். அது முழு உண்மையன்று. ஆவியும் வளியும் தக்க அளவிற் கலந்திருக்கும்போது, போதிய சூடேறிய ஓர் இரும்புப் பரப்பே அக்கலவையைப் பற்றவைத்துவிடும். அவ்வாறு தானே பற்றும் வெப்பநிலையைத் தன்னெரி வெப்பநிலை என்பர்.

இது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஐதரசன் மிகச் சிறு பொறிக்கும் பற்றும். ஆயினும் சூட்டினால் மட்டும் பற்றுவதற்கு 500 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். அடுக்களையிற் பழகியவர்கள் பெற்றோலைப் பொல்லாததென்றும் மண்ணெண்ணெயைச் சாதுவானதென்றும் கருதுவர். தீக்குச்சியின் முன் அது சரியே. சூடான பரப்பின் முன்னோ மண்ணெண்ணெய் ஏறக்குறைய 210 பாகையிலேயே பற்றும். பெற்றோலுக்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். ரேயோன் ஆலைகளிற் பயன்படும் காபன் இருசல்பைட்டுக்கு ஏறக்குறைய 90 பாகை போதும். நீராவிக் குழாயே அதற்குக் கொள்ளிக்கட்டை.

ஆகவே இத்தகைய இடங்களுக்குரிய யந்திரங்களின் தகட்டிலே ரீ 1 முதல் ரீ 6 வரை ஒரு குறி பொறிக்கப்படுகின்றது. ரீ 1 என்றால் மேற்பரப்பு 450 பாகையைத் தாண்டாது; ரீ 3 என்றால் 200; ரீ 4 என்றால் 135; ரீ 6 என்றால் 85. எண் பெருக வெப்பம் குறைகின்றது. பெற்றோலுக்கு ரீ 3 தகும். காபன் இருசல்பைட்டுக்கு ரீ 6 வேண்டும்.

மோட்டாரைப் பொறுத்தவரை தகடு சொல்வதை நம்பலாம். பம்பியின் கதை வேறு. 120 பாகைத் திரவத்தை இறைக்கும் பம்பியின் உடல் 85 பாகையில் நில்லாது. எவர் செய்த பம்பியாயினும் அதுவே. ஆதலால் இன்ன வகுப்புக்கு இன்ன வெப்பமுள்ள திரவம் என்று செய்தவர் ஓர் அட்டவணை கொடுப்பார். அதைப் படியாமற் குறியை மட்டும் பார்த்தல் ஆபத்து.

பெரிய கேடு அசட்டையினால் வருவது. வெளியேறும் வால்வை மூடியபடி பம்பியை ஓடவிட்டால், உள்ளே அகப்பட்ட திரவம் சுழன்று சுழன்று கடையப்படும். மோட்டாரின் வலு முழுவதும் சூடாக மாறும். திரவமின்றி வெறுமையாக ஓடினால் நிலைமை இன்னும் மோசம். அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு வளையங்களைக் குளிர்விப்பதும் வழுவழுப்பாக்குவதும் அத்திரவமே; அது இல்லாதபோது வளையங்கள் உலர்ந்து உராய்ந்து, சிறிது நேரத்தில் எல்லையைக் கடந்துவிடும். இங்கு மின்சாரக் கோளாறு எதுவுமில்லை. இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் இயற்றிய விதியிலே மின்சாரமல்லாத உறுப்புகளையும் சேர்த்தது. அது 2003 யூலை முதலாந் திகதி கட்டாயமாயிற்று. 2014 இன் விதி பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

திரவ மட்டம் தாழ்ந்தாலும், தாங்கிகள் சூடேறினாலும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவிகள் உள்ளன. அவை அடிக்கடி வேலையைக் குழப்புகின்றன என்று கழற்றிவைப்போரும் உளர். அது கூரையைப் பிரித்துவிட்டு மழையை நோவதற்கு ஒப்பாகும்.

வெப்ப நாடுகளுக்கு மற்றொன்றும் உண்டு. தகட்டில் வேறு குறிப்பு இல்லையாயின், அந்த எல்லை சுற்றுப்புறம் 40 பாகைக்கு மேற்படாதபோதே செல்லும். தகரக் கூரை வேய்ந்த பம்பி அறையொன்றின் உள்வெப்பம் நண்பகலில் அதனைக் கடக்கக்கூடும். பம்பிக்கு எழுதும்போதே அவ்வறையின் உச்ச வெப்பத்தை அளந்து குறித்தனுப்புதல் வேண்டும்.