ஏழு பேர்ச் காணியும் ஓர் உறுதியும்

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து நிற்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, கொழும்புக் கடைகளிலிருந்து லீவில் வந்திருக்கும் தம்பிமார்களே!

நம்முடைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். கல்யாணம் முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். இஸ்தோப்பில் அடுப்பு. புகை ஏறிக் கறுத்த தகரம் காற்றில் பறக்காமலிருக்க மேலே கல்லை ஏற்றி வைத்திருக்கிறோம். மழை வந்தால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டி தேடுகிறது, ஒழுக்குக்கு வைக்க!

1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்தார்கள். 200 ஆண்டு ஆனதை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். இந்த 200 ஆண்டில் காணிக்கு எத்தனை சொந்தக்காரர்! 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்தது. வெள்ளைக்காரன் கையிலிருந்த தோட்டம் அரசுக்குப் போனது. 1992இல் அரசு அதைக் கம்பனிகளிடம் கொடுத்தது. 53 வருடக் குத்தகை எழுதியது. காணி கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயத்தோடு சேர்த்து நம்மையும் கைமாற்றினார்கள். பற்றைக் காட்டை வெட்டித் தேயிலை நட்டவனுக்கு ஒரு பேர்ச் எழுதிக்கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை!

காணி கேட்டால் இடமில்லை என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச். நூறு குடும்பத்துக்கு 700 பேர்ச். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். நூறு குடும்பத்தைக் குடியேற்ற நாலரை ஏக்கர்கூட வேண்டாம்! தேயிலை அழிந்து மானாப்புல் மண்டிக் கிடக்கும் மலைகளைத் தினமும் தாண்டித்தான் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள். இடமில்லை என்பது பச்சைப் பொய்.

சில தோட்டங்களில் வீடு வந்தது, மறுக்கவில்லை. இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி வீடுகளை நானும் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். ஆனால் வீட்டைக் கட்டிவிட்டுப் பாதையை மறந்தால் அது என்ன குடியேற்றம்? சீமெந்து மூட்டையைப் பெண்கள் தலையில் சுமந்து ஏற்றிய மேடுகள் உண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்புவலி வந்தால் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் பெரிய றோட்டுக்கு ஓடுகிறார்கள். சுவருக்கு உள்ளே குழாய் இருக்கிறது, தண்ணீர் இன்னும் பழைய பீலியில்தான்.

பாதையைக் கேட்டால் கம்பனி, அது அரசாங்கத்தின் வேலை என்கிறது. பிரதேச சபைக்குப் போனால், அது தோட்டத்து றோட்டு என்கிறார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு முன்பு தோட்டத்துக்குள் வேலை செய்ய விடாமல் சபைகளின் கையைக் கட்டியிருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்களே! கட்டு அவிழ்ந்த பிறகும் கை நீளாதது ஏன்? நம்முடைய வாக்கை எண்ணித்தானே அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

பாதை மட்டுமா? ஒரு கடிதத்தைப் பாருங்கள். வேலைக்கு இன்டர்வியூ வந்த பிள்ளையின் கடிதம் வீட்டுக்கு வராது. தோட்ட ஆபீசுக்குப் போய், யார் கையிலாவது மாறி, தேதி முடிந்த பிறகு வந்து சேரும். விலாசம் கிடையாது. காணி உறுதி இல்லாததால் பேங்கில் கடனும் கிடையாது.

காணி இல்லாதது உயிரையும் எடுத்தது: 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தை. அந்த இடம் ஆபத்து என்று அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். மக்களை வெளியேறச் சொன்னவர்கள் போவதற்கு ஒரு துண்டுக் காணி கொடுத்தார்களா? காலையில் மலை இறங்கியது, லயங்களை மூடியது. அந்தச் சாவுக்குப் பெயர் இயற்கை அனர்த்தம் என்று எழுதினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்! மண் சரிந்தது மழையால்; மனிதர் அதன் கீழே இருந்தது காணி கொடுக்காததால்.

இனி அடிக்கல் நாட்ட எவர் வந்தாலும் மாலையைத் தூக்காதீர்கள். கேள்வி கேளுங்கள். ஏழு பேர்ச் காணிக்கு எங்கள் பெயரில், வீட்டுத் தலைவியின் பெயரையும் சேர்த்து, உறுதி எங்கே? தண்ணீருக்கும் பாதைக்கும் சபை இந்த வருடம் ஒதுக்கிய காசு எவ்வளவு? ஒவ்வொரு தோட்டத்திலும் லயம் லயமாகப் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தப் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். கட்சி எதுவானாலும், சங்கம் எதுவானாலும், இந்தப் பட்டியலில் பெயர் எழுத இன்றைக்கே முன்னுக்கு வாருங்கள்!