ஆடிக் கடைசி வெள்ளிக்கு இடிச்ச மாவு

"ஏதாவது ஒரு பலகாரத்தைப் பத்திப் பேசும்மா"ன்னு எங்க குழு தலைவி அக்கா சொன்னாக. பத்தாவது வரைக்கும் படிச்சவ நான். மைக் முன்னாடி நிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

கோவில்பட்டின்னா எல்லாரும் கடலை மிட்டாயைத்தான் சொல்வாங்க. 2020-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா நான் பேச வந்தது கடையில லேசுல கிடைக்காத இனிப்பு, மாரியம்மனுக்கு எடுக்கிற மாவிளக்கு.

கடலை மிட்டாய்க்குப் பாகு பதம்தான் உசிரு. மாவிளக்குக்கு அடுப்பே கிடையாது. ஒரு கிலோ பச்சரிசிய ஒரு மணி நேரம் ஊற வச்சு, தண்ணிய நல்லா வடிச்சு, வெள்ளைத் துணியில நிழல்ல உலர்த்தணும். அள்ளிப் பார்த்தா கையில ஈரம் தெரியணும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்துல உரல்ல போட்டு இடிச்சு, சலிச்சு, கப்பிய மறுபடி இடிக்கணும். முக்கால் கிலோ வெல்லத்தைத் தட்டி, ஏலக்காய், சுக்கோட மாவுல சேர்த்து இன்னொரு தடவை இடிச்சா, சொட்டுத் தண்ணி விடாம தானே கூடி வரும். வெல்லத்துல இருக்கிற பசையே போதும். பளிச்சுன்னு வெளுப்பா இருக்கிற வெல்லத்தை வாங்காதீங்க. எனக்கு அது ஒரு தடவை உதிரி உதிரியாப் போச்சு. கறுத்த வெல்லம்தான் சரி. காய்ஞ்ச அரிசிய மில்லுல அரைச்ச மாவும் சேராது, விளக்கு விண்டுபோகும். உருண்டை பிடிச்சு நடுவுல பெருவிரலால குழி வச்சு, நெய் விட்டு, நூல் திரி போட்டு ஏத்தணும்.

எங்க ஆத்தா காலத்துல இந்தக் கரிசக்காட்டுல தினம் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான்னு சொல்லுவா. அந்த அரிசியில சாமிக்குன்னு ஒரு பங்கு எடுத்து வைக்கிறதுன்னா சின்ன விஷயமா? முருகனுக்குத் தினை மாவுல எடுக்கிறதும் உண்டு.

இப்ப என் கதைக்கு வாரேன். எங்க சின்னவளுக்கு டெங்கு காய்ச்சல் வந்துச்சு. வீட்டுக்காரர் லாரியில லோடு ஏத்திட்டு வெளியூர் போயிருந்தார். ராத்திரி பத்து மணி, கையில நூத்தம்பது ரூபாய். எங்க குழு பொருளாளர் அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். அவுக தலைவிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு, பெட்டியத் திறந்து ஆறாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தாக. தீர்மான நோட்டுல அடுத்த கூட்டத்துலதான் எழுதினோம். கொடுத்ததோட நிக்கல. ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில எம்பக்கத்துலயே தரையில படுத்திருந்தாக. அப்பத்தான் இருக்கங்குடித் தாய்க்கு மாவிளக்கு எடுக்கிறதா நேர்ந்துக்கிட்டேன்.

இருக்கங்குடி உங்களுக்குத் தெரியாததில்லை. சாத்தூர் பக்கம், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுற இடம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அங்க எள்ளு போட்டா விழாது.

பிள்ளை தேறி வந்துட்டா. வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சு அரிசிய நனைய வச்சோம். உரல்ல ஒருத்தி மட்டும் இடிச்சா கை அசந்துரும், ரெண்டு பேர் மாத்தி மாத்தி உலக்கை போடணும். பொருளாளர் அக்கா தானா வந்து உலக்கையில கை வச்சாக. எங்க அத்தை, அதான் வீட்டுக்காரரைப் பெத்தவுக, "சாமிக்கு இடிக்கிற மாவு. நீ தள்ளி நில்லு தாயி"ன்னுட்டாக. அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்ல, தவறி எட்டு வருஷம் ஆச்சு.

அக்கா ஒண்ணும் சொல்லல. உலக்கைய உரல்மேல சாத்தி வச்சுட்டுத் திண்ணையில போய் உக்காந்துக்கிட்டாக. நானும் ஒண்ணும் சொல்லல. அதுதான் இன்னைக்கும் என்னை அறுக்குது. பன்னெண்டு வீட்டுச் சேமிப்பையும் அவுக கையில கொடுத்து வச்சிருக்கோம். என் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டது அந்தக் கைதான். அத்தைக்குப் பயந்து வாயைத் திறக்காம, பக்கத்து வீட்டு மதினியோட சேர்ந்து இடிச்சேன். கோயில்ல விளக்கு நல்லாத்தான் எரிஞ்சுது. நடுவுல நெய்யில கருகுன மாவுதான் ருசின்னு பிள்ளைக அடிச்சுக்கிடும். எனக்கு அது அன்னைக்குத் தொண்டையில இறங்கல.

அந்தத் தை மாசம் எங்க மாமா தவறிட்டாக. அடுத்த ஆடி வந்துச்சு. உரலைக் கழுவி வச்சேன். அத்தை யாரும் சொல்லாமலே திண்ணையில போய் உக்காந்துட்டாக, பொருளாளர் அக்கா போன வருஷம் உக்காந்த அதே மூலையில. அவுக மூஞ்சியப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. அன்னைக்கு அக்காவை நான்தான் வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தேன். போன வருஷம் பேசாம நின்னதுக்கு மன்னிப்பும் கேட்டேன். "அதை விடு, அரிசி காய்ஞ்சிரப் போகுது"ன்னாக.

வந்தவுக நேராத் திண்ணைக்குப் போனாக. "எந்திரிங்க சின்னம்மா, எனக்குச் சோடி வேணும்"னு சொல்லி உலக்கைய அத்தை கையில கொடுத்தாக. அத்தை ரொம்ப நேரம் வாங்கல. அப்புறம் எந்திரிச்சு வந்தாக. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. உலக்கைச் சத்தம் மட்டும்தான். நான் பக்கத்துல உக்காந்து சலிச்சேன்.

மாவுல வெல்லம் ஒரு பிடி கூடிப்போய் விளக்கு கொஞ்சம் சாய்ஞ்சுதான் நின்னுச்சு. அத்தை கையால அணை கொடுத்துப் பிடிச்சிருந்தாக.

இந்த வருஷமும் எங்க ஊர்ல இருந்து வேன் போகுது. உரல் இல்லாதவங்க முதல் நாளே எங்க வீட்டுக்கு வந்துருங்க. அரிசியும் வெல்லமும் அவங்கவங்க கொண்டு வரணும். உலக்கை ரெண்டு இருக்கு.